சுவரில் வரைந்த கத்தரிக்கோல்கள்

வட்டகொடை ஸ்டேசனுக்கு இறங்கும் பாதையில், ஒரு காலத்தில் கூட்டுறவுக் கடையாக இருந்த நீண்ட அறை ஒன்று உண்டு. அம்மா அதை வாடகைக்கு எடுத்துத் தையற்கூடமாக நடத்திவந்தார். அதன் உட்சுவரில் பச்சை வண்ணம் பூசிய ஒரு பலகை இருந்தது. பலகையில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த கத்தரிக்கோல்கள், அளவுகோல், கோணி ஊசி, எண்ணெய்க் குப்பி. ஒவ்வோர் உருவத்தின் தலையிலும் ஓர் ஆணி. கருவி ஆணியில் தொங்கும்போது கோடு அதன் பின்னால் மறைந்துகொள்ளும். எடுத்தவர் திருப்பி வைக்க மறந்தால், கோடு மட்டும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும். உருவங்களை வரைந்தவர் சித்தி. கீழே பெயர்களை எழுதியது நான்.

கூடத்தில் தைக்கப்பட்டவை பெரும்பாலும் கொழுந்துச் சாக்குகள். மலையில் நிறுவை முடிந்ததும் கொழுந்தைக் கொட்டி, லொறியில் ஏற்றி ரோதைக்கு அனுப்பும் வலைச்சாக்குகள் அவை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ரோதை என்றுதான் சொல்வோம். அப்பா அங்கே கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். ஆனால் ரோதை எங்களிடம் வாங்கியதில்லை. அங்கே வேண்டிய சாக்குகள் கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாக வந்திறங்கும். லொறியில் இழுத்து இழுத்து அவற்றின் அடிமூலை கிழிந்ததும் தைத்துக் கொடுக்க மட்டும் எங்களிடம் வரும். கிழிசல் தைக்கிற கூடம் ஒருபோதும் நிமிர்ந்து நிற்காது என்று சித்தி சொல்வார்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. எனக்கும் அவருக்கும் இடையில் வயது அதிகமில்லை. என் பாடசாலைச் சீருடைகள் எல்லாம் அவர் தைத்தவை. நான் பல்கலைக்கழகத்தில் தமிழிலக்கியம் படிக்கப் போனபோது என் பெட்டியை அடுக்கிக் கொடுத்தவரும் அவரே. அந்த முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோதுதான், ஹட்டன் முகவர் ஒருவர் மூலம் சித்தி கடவுச்சீட்டு எடுத்துவிட்டார் என்பது தெரிந்தது. தீபாவளி கழிந்ததும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக ஏற்பாடு.

யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? கிழிசல் வேலை வருகிற நாட்களில் அம்மா, சித்தி, துணி வெட்டும் அக்கா, சாக்கைத் தூக்கும் வார் தைக்கும் அக்கா என நான்கு பெண்களுக்கும் வேலை இருக்கும், வராத நாட்களில் நால்வரும் சன்னலோரத்தில் அமர்ந்து ரயில் பார்ப்பார்கள். அம்மா இரவில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரோதைக்காரங்க நம்மகிட்ட சாக்கு எடுத்தா அவ போக மாட்டா. எடுக்காட்டி நான் எந்த மொகத்தோட இருன்னு சொல்றது?"

அரசாங்கத் திட்டம் வந்தது அந்த வேளையில். மாவட்டச் சிறுகைத்தொழில் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் கூடத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்தவர், மெலிந்த, பொறுமையான மனிதர், மழை இல்லாத நாளிலும் குடையைக் கையில் கொண்டு திரிவார். தோட்டத் தொழிற்சாலைகள் தமக்கு வேண்டியவற்றை அயலிலுள்ள சிறு கூடங்களிடம் வாங்க வேண்டும் என்பதும், அதற்கு ஏற்றவாறு அந்தக் கூடங்களைப் பழக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் நோக்கம். பழக்கிய பின் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பார்த்து மதிப்பிடுவார். அவர் தேறியதாக எழுதினால் ரோதையின் கொள்வனவுப் பட்டியலில் எங்கள் கூடம் சேரும்.

அவர் கொண்டுவந்த கைந்நூலின் தலைப்பு 'மெலிந்த உற்பத்தி' என்பது. நான் அதை வாசித்துக் காட்டியதும் துணி வெட்டும் அக்கா தன் மணிக்கட்டை உயர்த்திப் பார்த்துக்கொண்டார்.

"இதுக்கு மேல மெலியறதுக்கு நம்மகிட்ட என்ன சேர் இருக்கு?"

உத்தியோகத்தர் முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார். மெலிய வேண்டியது ஆட்கள் அல்ல, வீண் என்று விளக்கினார். தேடுவது வீண், குனிவது வீண், தேவைக்கு முன்பே தைத்துக் குவிப்பது வீண், குவித்ததைத் தூக்கி வேறிடத்தில் வைப்பது அதைவிட வீண். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் ஐயர் சொல்லும் மந்திரத்துக்கு ஆட்டுவது போன்ற தலையாட்டல் அது. ஆனால் சித்தி தன் இருக்கையைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் வேலை தேவையற்றதைப் பிரிப்பது. உத்தியோகத்தர் ஒரு கட்டுச் சிவப்பு அட்டைகளைத் தந்தார். அண்மையில் பயன்படாத பொருள் எதுவானாலும் அதில் ஓர் அட்டையைக் கட்டி, ஒரு மூலையில் வைத்துவிட வேண்டும். ஒரு மாதம்வரை யாரும் அதைத் தேடி வராவிட்டால் கூடத்தை விட்டு அகற்ற வேண்டும். மூலை ஒரே நாளில் நிறைந்தது. கூட்டுறவுக் கடைக் காலத்துத் தராசுத் தட்டு, சக்கரம் கழன்ற தையல் மெஷின், ஒற்றைச் செருப்புகள். துணி வெட்டும் அக்கா ஓர் அட்டையை எடுத்து வார் தைக்கும் அக்காவின் சட்டையில் கட்டிவிட, அவர் அதை அறியாமல் மாலைவரை வேலை செய்தார்.

அடுத்தது கருவிகளுக்கு இடம் ஒதுக்குவது. அதுவரை இரண்டு பெரிய கத்தரிக்கோல்கள் நான்கு பேருக்கும் பொது. பாதி நேரம் துணிக்கடியில் அவற்றைத் தேடுவதில் போகும். சித்தி ஒவ்வொன்றையும் பலகைமேல் வைத்து, கோலம் போடுகிறவரின் கைநிதானத்தோடு சுற்றுக்கோடு வரைந்தார்.

"காலையில மனுசருக்குப் பெரட்டு. இப்ப கத்தரிக்கோலுக்கும் பெரட்டா?" என்றார் துணி வெட்டும் அக்கா. மலைக்குப் போகுமுன் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். "அப்ப, பிந்தி வர்ற கத்தரிக்கோலுக்கு அரைப்பேர் போட்டுருவீங்களா சேர்?"

அரை நாள் கூலிக்கு அரைப்பேர் என்று பெயர் இருப்பது உத்தியோகத்தருக்குத் தெரியாது. நான் விளக்கியதும், அதைத் தன் அலுவலகத்தில் சொல்லப் போவதாகச் சொல்லி மனத்துக்குள் பதித்துக்கொண்டார்.

கடினமான பாடம் கடைசியில் வந்தது. முன்பு ஒருவர் எல்லாத் துணியையும் வெட்டிக் குவிப்பார், அடுத்தவர் எல்லாப் பக்கங்களையும் தைத்துக் குவிப்பார், பின் வார். இனி மெஷின்களை லாடம் போல வளைத்துப் போட்டு, சாக்கை ஒவ்வொன்றாகக் கைமாற்ற வேண்டும். பிழை கண்டவர் கையை உயர்த்த வேண்டும். எல்லோரும் நிறுத்த வேண்டும். அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. குவியலைப் பார்த்தால்தான் அவருக்கு வேலை நடந்ததாகத் தோன்றும். குவியல் இல்லாத கூடம், அடுப்பு எரியாத வீடு மாதிரி இருக்கிறது என்று இரண்டு நாட்கள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் வார் ஒன்று குட்டையாக வெட்டப்பட்டிருந்ததை முதல் சாக்கிலேயே சித்தி கண்டுபிடித்துக் கையை உயர்த்தினார். பழைய முறையில் அது அன்றைய வார்கள் அத்தனையையும் விழுங்கியிருக்கும். அம்மா குட்டை வாரைச் சரியான வாரோடு வைத்து அளந்து பார்த்தார். அதன் பிறகு குவியலைப் பற்றி அவர் பேசவில்லை.

மதிப்பீட்டுக்கு எந்த நாள் வசதி என்று உத்தியோகத்தர் கேட்டார். அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஆயுத பூசை நாளைச் சொன்னார். வருடத்தில் வேறெந்த நாளிலும் எங்கள் கூடம் அவ்வளவு துப்புரவாக இருக்காது. முதல்நாள் முழுக்கக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு, கருவிகள் கண்ணாடி போல் மின்னும். எவ்வளவு பொருத்தமான நாள் என்று நானும் எண்ணினேன். உத்தியோகத்தர் நாளைக் குறித்துக்கொண்டு போனார்.

அம்மாவின் கணக்கில் இருந்த பிழையை இப்போது என்னால் தெளிவாகக் காண முடிகிறது. அது அவருடைய பிழை மட்டுமல்ல, தோட்டத்தில் வளர்ந்த எவரும் செய்யக்கூடியது. தோட்டத்துக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் வடிகானோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு பூசப்படும். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களின் வாசல்கள் கூட்டப்படும், பிள்ளைகளுக்குத் தலை வாரப்படும். வந்தவர்கள் ஜீப்பிலிருந்து இறங்குவார்கள், வெள்ளைக் கற்களைப் பார்ப்பார்கள், போவார்கள். வேலையைப் பார்க்க யாரும் வந்ததில்லை. ஆகவே மதிப்பீடு என்றால் துப்புரவைக் காட்டுவது என்று அம்மா கொண்டதில் வியப்பில்லை. வந்தவர் தைத்துக் காட்டச் சொல்வார் என்பது எங்கள் எவருக்கும் தோன்றவே இல்லை.

அன்று விடியலிலேயே பூசை முடிந்தது. பலகையிலிருந்த கருவிகள் யாவும் சாமிப்படத்தின் முன் வாழையிலையில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மெஷின்களுக்கு மாலை. அவல், பொரி, சுண்டல், தேங்காய். வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. உத்தியோகத்தரோடு கொழும்பிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் உள்ளே நுழைந்தார். நடுவயதுச் சிங்களப் பெண்மணி. நரைத்த கூந்தலை இறுகக் கட்டியிருந்தார். செருப்பை யாரும் சொல்லாமலே வாசலில் கழற்றினார். நிலத்தைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், அளவாகத் தலையசைத்தார். பிறகு பச்சைப் பலகையின் முன் வந்து நின்றார்.

பலகையில் ஒன்றுமே இல்லை. எல்லாக் கோடுகளும் வெறுமையாக இருந்தன.

கூடத்தில் என்னைவிடச் சிங்களம் நன்றாகப் பேசக்கூடியவர் துணி வெட்டும் அக்கா. அவரோ அன்று என் பின்னால் போய் நின்றுகொண்டார். எனவே கேள்விகள் என்னிடம் வந்தன. கருவிகள் எங்கே என்று கேட்டார். நான் இலையைக் காட்டினேன். அழகாக இருக்கிறது என்றார். பின் மணிக்கூட்டைப் பார்த்தபடி, நல்லது, ஒரு சாக்கை வெட்டுவதிலிருந்து கட்டி முடிப்பதுவரை தைத்துக் காட்டுங்கள் என்றார்.

அதைத் தமிழில் சொல்ல எனக்குச் சில கணங்கள் பிடித்தன. சொன்னதும் எல்லோர் கண்களும் இலைக்குப் போயின. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் திரும்பவும் பூசை செய்யாமல் எடுப்பதில்லை. அது சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதை நான் பார்த்ததும் இல்லை. அம்மா மாலை போட்ட மெஷினைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார். தன் தங்கையைக் குவைத்துக்கு அனுப்பும் நாளைத் தானே குறித்துக் கொடுத்துவிட்டதாக அப்போது அவர் நினைத்திருக்க வேண்டும்.

உத்தியோகத்தர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மாவிடம் தணிந்த குரலில் பேசினார்.

"பிழை என்னிலயும் இருக்கம்மா. எங்கட பக்கம் வீட்டில பூசைக்குப் புத்தகத்தைத்தான் வைக்கிறனாங்கள். தையல் மெஷினை நான் யோசிக்கேல்ல."

"நீங்க என்ன சேர் செய்வீங்க. நாளைக் கேட்டீங்க, நான்தானே வாயைத் தொறந்தேன்."

நான் மதிப்பீட்டாளரிடம் இன்று கருவிகளுக்கு ஓய்வு நாள், நாளை காலைவரை எடுக்க முடியாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வெறும் பலகையருகில் ஒவ்வொரு பெண்ணையும் அழைத்து, உன் கருவியின் இடம் எது என்று கேட்டார். ஒவ்வொருவரும் தயங்காமல் ஒரு கோட்டைத் தொட்டார்கள். ஆயினும், பார்க்காததைப் பார்த்ததாக எழுத முடியாது என்றார். மறுநாள் முற்பகல் வட்டவளையில் வேறொரு கூடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கொழும்புக்குத் திரும்ப வேண்டும். வேண்டுமானால் அதற்கு முன், நன்றாக விடிந்ததும் இங்கே வரலாம். அதற்குமேல் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது.

அங்கேதான் இன்னொரு சிக்கல். அம்மா பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்த நல்ல நேரம் அவர் குறிப்பிட்டதற்கு வெகுநேரம் பிந்தியது. என் திருமணப் பேச்சை மட்டும் அம்மா எந்த நேரத்திலும் எடுப்பார், வேறெதிலும் நல்ல நேரத்தை விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை. மாலை முழுவதும் அக்காள் தங்கை இருவருக்கும் வழக்கு நடந்தது.

"விசயதசமி முழுக்க நல்ல நாள்தானேக்கா," என்றார் சித்தி. "நேரம் பாக்குறது மத்த நாளுக்கு."

"நீ பஞ்சாங்கம் எழுதுனவ மாதிரி பேசாத."

"சரி, நான் பேசல. நீயே பாத்து நல்ல நேரத்துல என்னை பிளேன் ஏத்திவிடு."

அம்மா பஞ்சாங்கத்தை மூடிவைத்தார். எழுந்துபோய் மறுநாளைக்குரிய கற்பூரத்தையும் தேங்காயையும் அலாரக் கடிகாரத்தின் பக்கத்தில் எடுத்து வைத்தார். அதுவே தீர்ப்பு என்று எங்களுக்குப் புரிந்தது.

மறுநாள் பனிமூட்டத்தில் ஜீப்பின் விளக்குகள் வருவதற்கு முன்பே நாங்கள் கூடத்தில் இருந்தோம். மதிப்பீட்டாளர் கழுத்தைச் சுற்றிச் சால்வையோடு ஒரு பக்கமாக நின்றார். அம்மா கற்பூரம் காட்டி, இலையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணில் ஒற்றி, துணி வெட்டும் அக்காவிடம் கொடுத்தார். முதல் துணி வெட்டப்பட்டது. சித்தியின் மெஷின் பேசத் தொடங்கியது. பக்கங்கள் தைத்த சாக்கு வார் தைக்கும் அக்காவின் கைக்குப் போனது. யாரும் எழவில்லை, யாரும் தேடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அது வேறு யாருடைய கூடமோ என்று தோன்றியது.

அப்போது வார் தைக்கும் அக்கா கையை உயர்த்தினார்.

எல்லா மெஷின்களும் நின்றன. பதற்றத்தில் வாரை ஒரு முறுக்கோடு தைத்துவிட்டார். பாதியில் தானே கண்டுகொண்டார். முன்பென்றால் அந்தச் சாக்கு ஓசையின்றிக் கட்டின் நடுவில் போய் ஒளிந்திருக்கும். சித்தி எழுந்து முறுக்கைப் பார்த்து, தையலைப் பிரித்துக் கொடுத்தார். மெஷின்கள் மறுபடியும் ஓடின. மதிப்பீட்டாளர் ஏதோ எழுதினார். அம்மாவின் முகம் சாமிப்படத்தின் முன்னிருந்த வெற்றிலையைப்போல் வாடிவிட்டது. சுண்டலைக் காகிதத்தில் சுற்றி மதிப்பீட்டாளரிடம் நீட்டினார். அவர் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஜீப் போனதும் அம்மா மெல்ல மெஷினில் சாய்ந்தார். அந்த நாளிலா ஒரு வார் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டார். வார் தைக்கும் அக்கா அழுதார். துணி வெட்டும் அக்கா அவரைச் சிரிக்க வைக்கச் சொன்ன எதுவும் பலிக்கவில்லை.

உத்தியோகத்தர் பிறகு வந்து சொன்னபோதுதான் விடயம் தெரிந்தது. மதிப்பீட்டாளர் பார்க்க விரும்பியதே அந்த நிறுத்தத்தைத்தான். பார்வையாளர் எதிரில் பிழையை மறைக்காமல் கையை உயர்த்திய கூடத்தை அவர் அதிகம் கண்டதில்லையாம். அம்மா நம்பவில்லை. நல்ல மனிதர் நம்மை ஆறுதல்படுத்துகிறார் என்றே எண்ணினார்.

அதன் பிறகு காத்திருப்பு. தீபாவளி வந்தது. முகவர் இருமுறை ஆள் அனுப்பினார். சித்தி வைத்தியப் பரிசோதனைக்குப் போய்வந்தார். குவைத்தில் அணிவதற்கென்று நீண்ட கைச்சட்டைகள் இரண்டைத் தைத்துக்கொண்டார். அவற்றின் பொத்தான் துளைகள் நான் இதுவரை பார்த்தவற்றிலேயே மிகச் சீரானவை. நான் ஒரு நாவலை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் நாட்கணக்காக இருந்தேன்.

செய்தியை அப்பா கொண்டுவந்தார். ரோதை ஸ்டோர்க்காரர் அவரை அழைத்து, வரும் மாதத்துக்கான கொழுந்துச் சாக்குகளை உங்கள் வீட்டம்மாவிடமே வாங்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது என்றாராம். அப்பா அதைச் சொல்லிவிட்டு வழக்கம்போல் முகம் கழுவப் போய்விட்டார். அம்மா வாசலில் நின்றபடி, அடிமூலைக்கு இரட்டைத் துண்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழும்புச் சாக்கு மாதிரிக் கிழிந்துவிடும் என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை கூடத்தைத் திறந்தபோது சிவப்பு அட்டை மூலையில் அம்மா வெளியேற்ற விடாத தராசுத் தட்டின் மேல் புதிதாக ஒன்று இருந்தது. சித்தியின் கடவுச்சீட்டு. அதில் ஒரு சிவப்பு அட்டை நூலால் நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தது. சித்தி தன் மெஷினில் குனிந்து நூல் கோத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

துணி வெட்டும் அக்கா அதைக் கண்டு, பலகையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார். அம்மா மட்டும் மூலைக்குச் சென்று அதைக் கையில் எடுத்தார்.

"காசு கட்டி எடுத்தது. இதெல்லாம் வீசுற சாமானா?"

"ஒரு மாசம் இருக்கட்டும்க்கா. யாரும் தேடி வராட்டி வெளியேத்தணும். சேர் அப்படித்தானே சொன்னாரு."

அம்மா அட்டையை அவிழ்க்கவில்லை. அப்படியே மடியில் செருகிக்கொண்டு போய் வீட்டு அலுமாரியில், என் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். விடுமுறையில் சான்றிதழ்களை எடுக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு அட்டையின் ஓரம் கண்ணில் படும். நான் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.